தண்ணீர் போன பக்கம்

மேனேஜர் கீழேயிருந்து துடைக்கச் சொன்னது ஏன் என்று பூங்காவனத்துக்கு இன்னமும் பிடிபடவில்லை. வண்டி துடைப்பதென்றால் மேலேயிருந்துதான், கூரை, கண்ணாடி, மூக்கு, கதவு, கடைசியில் சக்கரம், அழுக்கு தானாக இறங்கி வரட்டும் என்று மெக்கானிக் பாய் பதினெட்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி அது அவள் கைக்கே மனப்பாடம். தலைக்கு ஊற்றாமல் காலை மட்டும் கழுவிவிட்டுக் குளித்தேன் என்பார்களா யாராவது. வெள்ளம் வடிந்து பன்னிரண்டு நாளாகிறது. கிடங்கில் நிற்கிற முப்பத்துநாலு பழைய கார்களில் முப்பத்துமூன்றை அவளும் தேசம்மாவும் துடைத்தாகிவிட்டது. இது கடைசி, பச்சை நிறத்தில் முட்டைக்கண் விளக்கு வைத்த வண்டி, இதற்கு என்ன பெயரோ எந்த ஊர் வெள்ளைக்காரன் செய்ததோ, அவளுக்கு இது தவளைக்கண்ணன். கடற்கரைப் பக்கம் இருக்கிற மியூசியத்தில் டிக்கெட் வாங்கி ஜனங்கள் பார்ப்பது பத்து வண்டிதான். மிச்சமெல்லாம் ஏரிக்குப் பின்னால் இந்தத் தகரக் கிடங்கில் போர்வை போர்த்திக்கொண்டு நிற்கும். போர்வை என்றால் மெத்தென்ற பருத்திப் போர்வை, அவள் கல்யாணத்தில்கூட அப்படியொன்று வரவில்லை. வெள்ளத்தன்று கிடங்குப் பரண்மேல் அடைக்கலமாக ஏறின பதினேழு பேர் நனைந்த கோழிக்குஞ்சாக நடுங்கியபோது அவள்தான் மூன்று போர்வையை உருவி மேலே வீசினாள், அதற்கும் கேள்வி வந்தது. மூன்றாம் நாள் படகில் வந்து இறங்கின மேனேஜர் சுதாகர் முதலில் கேட்டதே அதுதான்: "வண்டிப் போர்வைய யாரு எடுத்தது? குழந்த மூத்திர நாத்தம் அடிக்குது." நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. மூன்று நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கவில்லை. ஒவ்வொரு வண்டியாகப் போய்த் தடவித் தடவி, "அடப் பாவமே, அடப் பாவமே" என்றான். பாவம்தான், வண்டிக்கு வயிறு இருக்கிறது பார், அதற்குப் பசிக்கும். அந்தக் கை அழுகி – வேண்டாம் தாயே, வேண்டாம், அங்காளம்மா, சொன்னதை வாங்கிக்கொள்ளாதே, அவனுக்கும் இரண்டு பெண்பிள்ளை, கை நன்றாக இருக்கட்டும், இன்றைக்குக் காலையில் அது நீட்டின கடுதாசி மட்டும் காற்றில் பறந்து கால்வாயில் விழட்டும், அவ்வளவு கேட்டால் தப்பில்லையே.

அந்தக் கடுதாசியை அவனே தமிழில் வாசித்தான். கிடங்கின் காவலாளி முனிரத்தினம் மேலதிகாரி உத்தரவை மீறி முன்பக்க ஷட்டரைத் திறந்துவிட்டபடியால் வெள்ளநீர் உள்ளே புகுந்து வாகனங்களுக்குச் சேதம் ஏற்பட்டது. முனிரத்தினம் என்றால் அவள் வீட்டுக்காரர், இவர்தான், அதைக் கேட்டுக்கொண்டு தலையைக் கவிழ்த்து நின்றார். பன்னிரண்டு மணிக்கு இன்சூரன்ஸ்காரர் வருவார், அவர் முன்னால் இவர் கையெழுத்துப் போடவேண்டும். "சும்மா ஒரு சம்பிரதாயம்தான்யா, உன்னை யாரு தூக்குல போடப் போறா," என்று சிரிப்பு வேறு. புகுந்து. அந்த வார்த்தையில்தான் அவளுக்கு முள் மாட்டியது. அஞ்சாவதுவரைக்கும் படித்தவள், வேகமாக வாசித்தால் புரியாது, ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் போட்டு மெல்லவேண்டும், கேட்டாலும் அப்படித்தான். புகுந்து. ஷட்டரைத் திறந்தபடியால் புகுந்து. டீசல் துணியைப் பிழிந்து கதவின் கீழே அழுத்தினாள். நாற்றம் தொண்டையில் ஏறியது. விரலிடுக்கெல்லாம் வெடித்து டீசல் பட்ட இடம் மிளகாயாக எரிகிறது. அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்த பெண் போனில் சொல்கிறாள், கையெழுத்தைப் போட்டுட்டு இங்க வந்துடுங்கம்மா, எங்க வீட்ல இருங்க. கம்பெனி வேன் ஓட்டுகிற பிள்ளை சொல்கிறான், பெரிய இடத்தோட ஏம்மா மோதுறே. மோதுகிறாளாம். யார் மோதினது, அவள் யாரோடும் மோதி யாராவது பார்த்ததுண்டா, ரேஷன் கடையில் முன்னால் புகுந்து நிற்கிறவளைக்கூடப் போடி தாயே போ என்று விடுகிறவள். பெண்வீட்டில் போய் இருக்கலாம், மாப்பிள்ளை தங்கம், சோறு போடுவார்; ஆனால் ஊர் என்ன சொல்லும், வெள்ளத்தில் கதவைத் திறந்துவிட்டு முதலாளி சொத்தை மூழ்கடித்த ஆள், அவன் இவன்தான். பதினெட்டு வருஷம் ராப்பகலாக ஒரு திருகாணி காணாமல் போகவிடாத மனுஷன். அறுபத்திரண்டு வயசில் அந்தப் பெயரோடு மருமகன் வாசலில் செருப்பைக் கழற்றவேண்டும். அதிலும், திறந்தது அவர் இல்லையே. திறந்தது அவள். இந்த இரண்டு கையும்தான் சங்கிலியை இழுத்தது. மேனேஜர் போனில் கத்தினதும் இவர் என்னைக் கேட்காமல் கொள்ளாமல், நான்தான் சார் திறந்தேன் என்று சொல்லிவிட்டார். யார் கேட்டார்கள் இவரை. எனக்கு வாய் இல்லையா. நல்லது செய்கிறேன் என்று நினைப்பு. நாற்பது வருஷமாக இப்படித்தான், கொதிக்கிற சோற்றை அவர் தட்டில் வாங்கிக்கொண்டு ஆறினதை அவள் பக்கம் தள்ளுவார், கேட்டால் எனக்குச் சூடுதான் பிடிக்கும் என்பார்.

அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணி இருக்கும். வானம் மட்டும் அடுப்புக்கரி. இவர் முன்வரிசை வண்டிகளை ஜாக்கி வைத்துத் தூக்கிக் கட்டைமேல் உட்காரவைத்துக்கொண்டிருந்தார், போனில் வந்த உத்தரவு, எந்த வண்டி முதலில் எது அப்புறம் என்று பட்டியல் போட்டிருந்தார்கள், அந்தப் பட்டியலில் மனுஷப் பெயர் ஒன்றும் கிடையாது. கிடங்கை ஒட்டின ரூமிலிருந்து படியிறங்கி அவள் டீ கொண்டுபோனாள். உள்ளே முழங்காலளவு தண்ணீர் அப்போதே நின்றது, கூரை ஒழுகுகிறது என்று நினைத்தாள். நினைத்தாளா, நினைக்கக்கூட நேரமில்லை, டீ சிந்தாமல் கொண்டுபோவதிலேயே புத்தி இருந்தது. அப்போதுதான் ஷட்டரைத் தட்டினார்கள். தட்டலா அது, கிடங்கு முழுக்கத் தம்பட்டம் அடித்ததுபோல இருந்தது. அக்கா, அக்கா, தொறக்கா. கால்வாய் ஓரத்து வரிசை வீடுகளில் இருக்கிறவர்கள், அங்கே கூரைவரை தண்ணீர். தெருவில் கணுக்கால்தான், ஆனால் ஏறி நிற்க மேடு வேண்டுமே, அந்தச் சுற்றுவட்டத்தில் மேல்தளம் என்று இருப்பது இந்தக் கிடங்கின் பரண் ஒன்றுதான், பழைய சீட்டும் சக்கரமும் அடுக்கிவைத்த பரண். இவர் ஜாக்கியைத் திருகிக்கொண்டே, இரு, சாரைக் கேட்கிறேன் என்றார். கேட்டால் என்ன சொல்வான் என்று தெரியாதா. யார் வந்தாலும் ஷட்டரைத் திறக்கக் கூடாது, காலையிலேயே உத்தரவு. அவள் டீச்சொம்பை ஒரு வண்டியின் மூக்கின்மேல் வைத்துவிட்டுப் போய்ச் சங்கிலியை இழுத்தாள். ஷட்டர் பாதி ஏறும்போதே கால் வழுக்கியது, ஒரு செருப்பு போய்விட்டது, நீலவாரு ரப்பர் செருப்பு, வாங்கி இருபது நாள்கூட ஆகவில்லை. தேசம்மா பேரக்குழந்தையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு முதலில் குனிந்து வந்தாள், பின்னால் ஒரு கிழவர், வாயும் வயிறுமான ஒரு பெண், அப்புறம் எண்ணவில்லை, பரண்மேல் ஏறினபிறகுதான் பதினேழு என்று தெரிந்தது. இருட்டும் நேரத்தில் ஏரியைத் திறந்துவிட்டார்கள், அப்புறம் வந்ததுதான் மார்பளவு, எல்லாருக்கும் வந்தது, ஷட்டர் திறந்த வீட்டுக்கும் வந்தது, பூட்டின வீட்டுக்கும் வந்தது, தண்ணீர் என்ன காலிங்பெல் அடித்துவிட்டா வரும். இதை ஏன் ஒருத்தரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். இதை ஏன் அவள் இன்றைக்குக் காலையில் சொல்லவில்லை. வாயில் கொழுக்கட்டையா. மேனேஜர் வாசித்து முடித்ததும் சரிங்க சார் என்றுகூடத் தலையாட்டினாளே, அந்தத் தலையைத்தான் முதலில் உடைக்கவேண்டும்.

"இன்னாக்கா, கதவுகூடச் சண்டையா? தோலு உரிஞ்சிடப் போவுது பாரு," என்று வண்டியின் அந்தப் பக்கத்திலிருந்து தேசம்மா எட்டிப்பார்த்தாள். வேலையைத் தொடங்காமல் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். தினக்கூலிக்குத்தான் வந்திருக்கிறாள், அவள் வீட்டில் இன்னும் சேறு அள்ளி முடியவில்லை, இருந்தாலும் வாய்க்குக் குறைச்சல் இல்லை. "நீ உன் பக்கத்தத் துடை, பன்னெண்டு மணிக்கு ஆளு வராரு," என்றாள் பூங்காவனம். "துடைக்கறேன், துடைக்கறேன். இந்தக் கறுப்பு மட்டும் போவவே மாட்டேங்குது, என் புடவைல பட்டது இன்னிக்கும் அப்படியே கீது. அடைக்கலம்னு வந்தவள ஆயில்ல குளிப்பாட்டி உள்ள வுட்ட மகராசி நீதான்." "நானா?" "பின்ன? நீ தொறந்ததும் மொதல்ல இன்னா மூஞ்சில அடிச்சுது? உள்ளேந்து கறுப்புத் தண்ணி பொளபொளன்னு. புள்ளைய மேல தூக்காதிருந்தா அதுவும் கரிச்சட்டி ஆயிருக்கும். நான்கூட நெனச்சேன், இன்னாடா இது, வெளிய வெள்ளம்னு உள்ள வந்தா உள்ளேந்து நம்பளத் தொரத்துதேன்னு." சிரித்து வெற்றிலையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். பூங்காவனத்தின் கை நின்றது. உள்ளேயிருந்து. செருப்பு. செருப்பு எந்தப் பக்கம் போயிற்று. கண்ணை மூடினாள், சாமி கும்பிடும்போது மூடுகிற மாதிரி இறுக்கி. சங்கிலியை இழுக்கிறாள், தகரம் கிறீச்சிடுகிறது, கணுக்காலைச் சுற்றி என்னவோ பிடித்து இழுக்கிறது, எதிரே இழுக்கிறது, தெருப் பக்கம். பின்னாலிருந்து தள்ளினது தண்ணீர். செருப்பு கழன்று தேசம்மா காலுக்கு நடுவே புகுந்து தெருவில் ஓடிற்று, நீலவாரு, அதை ஒரு நிமிஷம் பார்த்தாள்கூட, போகுது பார் என்று. அப்படியென்றால் கதவைத் திறந்தபோது தண்ணீர் உள்ளே வரவில்லை. வெளியே போயிற்று. உள்ளே அதற்கு முன்னாலேயே வெளியில் இருந்ததைவிட அதிகம் நின்றிருக்கிறது. எங்கேயிருந்து வந்தது. கூரை ஒழுகினால் முழங்காலளவு ஒழுகுமா, கூரையா அல்லது குற்றால அருவியா. கறுப்பு. ஆயில் கறுப்பு. வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்ப்பதற்காகக் கிடங்கின் பின்கோடியில் வெட்டிவைத்திருக்கிற குழி, அதில்தான் பழைய ஆயிலெல்லாம் தேங்கி நிற்கும். மழைக்கு அந்தக் குழியில் ஊறுகிற தண்ணீரை வாளியில் மொண்டு ஊற்றவேண்டியிருக்கிறது என்று போன வருஷம் மேனேஜர்தான் ஆள் கூட்டிவந்து குழியிலிருந்து பின்னால் கால்வாய்க்கு ஒரு குழாய் போட்டான். யாரையும் கேட்காமல் போட்டான், மெக்கானிக் பாய்கூட அதற்கு ஒரு மூடி போடுங்க சார், கால்வாய் நிறைஞ்சா திரும்பிடும் என்றார், நீ வண்டியைப் பாருய்யா என்றான். கால்வாய் நிறைந்தது. திரும்பிவிட்டது.

துணியை வாளியில் போட்டுவிட்டு வண்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள். தேசம்மா துடைக்காத பக்கம். ஏறுவதற்குக் கால்வைக்கிற பலகைக்கு ஒரு சாண் மேலே, கதவின் குறுக்கே, நூல் பிடித்து இழுத்ததுபோல் கட்டைவிரல் தடிமனில் கறுப்புக் கோடு. அதற்கு மேலே கண்ணாடிவரைக்கும் வெறும் செஞ்சேறு. அவளுக்கு இதற்குப் பள்ளிக்கூடம் வேண்டாம். குழம்புச் சட்டியை அப்படியே வைத்துவிட்டால் எண்ணெய் மேலே வந்து ஓரத்தில் வளையம் கட்டும். குழாயைத் திறந்து ஓடவிட்டால் கட்டாது. மூடின கிடங்குக்குள் அசையாமல் நின்ற தண்ணீர்தான் இப்படிக் கோடு போடும். கதவு வழியாகப் பாய்ந்து வந்த தண்ணீராயிருந்தால் எண்ணெயைக் கலக்கி அடித்துக்கொண்டு போயிருக்கும். அவள் வந்து திறந்தபோதுதான் எண்ணெய் தெருவுக்கும் தேசம்மா புடவைக்கும் போயிற்று. கீழேயிருந்து துடைக்கச் சொன்னது இதற்குத்தான். சேறு ஓடிடாது, கீழே முதலில் அழுத்தித் தேய்ங்க என்றானே. ஐயோ, முப்பத்துமூன்று வண்டி. ஒன்றிரண்டா, முப்பத்துமூன்று வண்டியில் இவர் நியாயத்தை அவளே டீசல் தொட்டு, விரல் வெடிக்க, ஒரு பொட்டு விடாமல் தேய்த்து எடுத்திருக்கிறாள். சுத்தம், சுத்தம் என்று. ஆயுத பூஜைக்குக்கூட இத்தனை சிரத்தையாகத் துடைத்ததில்லை. தாயே, பார்த்துக்கொண்டுதானே இருந்தாய், ஒரு வார்த்தை சொன்னால் என்ன, பன்னிரண்டு நாளாக விளக்கேற்றிக் கும்பிட்டேனே, சேறு படிந்த படத்தைக்கூட முந்தானையால் துடைத்து வைத்தேனே. முதல்முறையாக அம்மன்மேலேயே கோபம் வந்தது, வந்த கோபத்துக்குப் பயம் வரவில்லை, அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இந்த மேனேஜரை நல்லாயிரு என்று சொல்லிச் சொல்லித்தான் இவன் நன்றாக இருக்கிறான். இன்றைக்குச் சொல்லமாட்டேன்.

"என்னம்மா, நிக்கிறீங்க? மணி ஆயிட்டுது," என்று சுதாகர் வந்தான், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையில் அந்தக் கடுதாசி. பின்னால் இவர், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறமாதிரி. தப்பை ஒத்துக்கொள்ளச் சலவைச் சட்டை. "இந்தப் பக்கம் துடைக்கல சார்," என்றாள் பூங்காவனம். "அதான் கேக்கறேன், ஏன் துடைக்கல?" "துடைக்க மாட்டேன்." அவள் வாயிலிருந்து வந்ததை அவளே திரும்பிப் பார்த்தாள். தேசம்மா மெல்வதை நிறுத்தினாள். சுதாகர் சிரித்தான், "வேலை ஜாஸ்திதான், தெரியுது. தேசம்மா, நீ துடை." தேசம்மா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினாள். "எனக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சு சார். பூட்ஸ் போட்டுக்கினுகீறீங்களே, நீங்களே ஒரு இழுப்பு இழுங்க." இவர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தி, "ஏ பூங்கா, இன்னா இது, வேணாம். போட்டுட்டுப் போயிடலாம்," என்றார். "எங்க போறது?" என்றாள். குழாயை அவருக்குச் சொல்லலாம், கோட்டைக் காட்டலாம், ஆனால் மேனேஜர் நிற்கிறான், துணி வாளியில் கிடக்கிறது, ஒரு கை, ஒரே இழுப்பு, முப்பத்துநாலும் முடிந்துவிடும். அவள் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கால்வைக்கிற பலகைமேல் உட்கார்ந்தாள். பதினெட்டு வருஷத்தில் எந்த வண்டிமேலும் உட்கார்ந்ததில்லை. "எழுந்திருங்கம்மா, பெயின்ட் போயிடும்," என்றான் சுதாகர், குரலில் சிரிப்பு இல்லை. "குடியிருக்கிற ரூம் யார் குடுத்ததுன்னு ஞாபகம் இருக்கட்டும்." இருக்கிறது. பத்துக்குப் பத்து, ஜன்னல் இல்லாதது, இரண்டு பிள்ளையும் அதில்தான் வளர்ந்தார்கள். எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அவள் எழுந்திருக்கவில்லை.

இன்சூரன்ஸ்காரர் ஒல்லியாக, பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, ஷூவைக் கையில் பிடித்தபடி வந்தார். "எல்லா வண்டியும் துடைச்சிட்டீங்களா? ஏன்?" என்றுதான் முதலில் கேட்டார். "ஆயில் பட்டா பெயின்ட் அரிச்சிடும் சார்," என்று சுதாகர் கடுதாசியை நீட்டினான், "வாட்ச்மேன் ஒத்துக்கிட்டாரு, இங்கயே கையெழுத்துப் போடுவாரு." இவர் அவனிடமிருந்து பேனாவை வாங்கினார். "அவரு திறக்கல சார், நான் திறந்தேன்," என்றாள் அவள் பலகையிலிருந்து. "அம்மா, இது ஆபீஸ் விஷயம்." "ஆமா சார். அதான் ஆபீஸர்கிட்ட சொல்றேன். இங்க வந்து குந்திப் பாருங்க." அவள் எழுந்து நகர்ந்தாள். இன்சூரன்ஸ்காரர் குந்தினார். கறுப்பை விரலால் தொட்டு மோந்து பார்த்தார், டேப்பை எடுத்துத் தரையிலிருந்து கோட்டுக்கு அளந்தார், கோட்டிலிருந்து சேற்றுத் தடத்துக்கு அளந்தார். அவள் பேசினாள். செருப்பு போன பக்கம், தேசம்மா புடவை, முழங்கால் தண்ணீர், பின்கோடிக் குழி, குழாய், குழம்புச் சட்டி, எல்லாம் முன்னுக்குப் பின் வந்தது, திருத்திக்கொண்டு திருத்திக்கொண்டு சொன்னாள். இன்சூரன்ஸ்காரர் குழியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்து, "இந்த பைப் எப்ப போட்டது?" என்று சுதாகரைக் கேட்டார். "அது உள்ள இருக்கிற தண்ணி வெளிய போறதுக்கு சார்." "வெளிய மட்டும்தான் போவணும்னு தண்ணிகிட்ட யாரு சொன்னது?" சுதாகர் பூட்ஸைப் பார்த்தான். இவர் பேனாவை அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

புதுக் காகிதம் எடுத்து வண்டியின் மூக்கின்மேல் வைத்து இன்சூரன்ஸ்காரர் தமிழிலேயே எழுதினார். "ஷட்டரைத் திறந்தது நீங்கன்னு எழுதணும்மா. திறக்கக் கூடாதுன்னு உத்தரவு இருந்துதா?" "இருந்துது." "மீறித்தானே திறந்தீங்க?" இவர், "சார்," என்று குறுக்கே வந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "மீறித்தான் திறந்தேன். ஆளுங்க நின்னாங்க." அவர் எழுதினார். உத்தரவை மீறியதற்கு அந்த ரூமை நாளைக்கே காலி பண்ணச் சொல்வார்கள், சொல்லட்டும், இவர் பெயரில் மட்டும் அந்தப் புகுந்து என்ற வார்த்தை ஒட்டாமல் இருந்தால் போதும், அரக்கோணம் போனாலும் தலையை நிமிர்த்திக்கொண்டு போகலாம். "இன்னும் ஒண்ணு எழுதுங்க சார். மறுபடியும் இந்தமாதிரி தண்ணி வந்து ஆளுங்க தட்டினா, மறுபடியும் திறப்பேன்." "அது இந்த ரிப்போர்ட்டுக்குத் தேவையில்லம்மா." "எனக்குத் தேவை." அவர் அதையும் எழுதினார். படித்துக் காட்டுங்கள் என்றாள், படித்துக் காட்டினார், அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். டீசல் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போட்டு எத்தனையோ வருஷமாகிறது, அவள் பெயரும் சின்னப் பெயர் இல்லை. சுதாகர் வாட்சைப் பார்த்தான். அவள் ஒவ்வொரு எழுத்தாக, கால் சுழி புள்ளி ஒன்றும் விட்டுப்போகாமல், அவசரப்படாமல் எழுதினாள்.